சுலோஜனாவின் ஒலித்தடி

வெள்ளிக்கிழமை இரண்டேகால் மணிக்கு சுலோஜனா தடியைக் கழற்றுகிறார். பெருவிரல் பருமன், ஒரு சாண் நீளம், சாம்பல் நிற உலோகம். அசிற்றோனில் கழுவி, தூசி விடாத தாளால் ஒற்றியெடுத்து, உலரடுப்பில் பத்து நிமிடம் வைத்து, ஆறவிட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசில் படுக்கவைக்கிறார். கூண்டின் கதவை மூடியதும் இரண்டு கைகளையும் வெள்ளை மேலங்கியின் பைகளுக்குள் போட்டுக்கொண்டு அரையடி பின்னால் நிற்கிறார். எண்கள் நடுங்கி ஓயும்வரை மூச்சு விடுவதில்லை. அந்த நேரத்தில் யாராவது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் திட்டுவதும் இல்லை. எண்கள் மறுபடி நடுங்கி மறுபடி ஓயும்வரை, மறுபடி மூச்சு விடாமல் நிற்பார். வந்தவருக்கு அதுவே போதும்.

"இந்தக் கிழமை ஆள் ஒன்பது மில்லிகிராம் மெலிஞ்சிட்டார்" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியபடி சொல்வார். தடி அவருக்கு எப்போதும் 'ஆள்', 'அவர்'. மற்றக் கருவிகளுக்கு இந்த மரியாதை கிடையாது. குளிரூட்டும் பம்பி வெறும் 'அது'. தாள் சிக்கும் அச்சு இயந்திரம் 'உது'.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரின் மேற்கு ஓரத்தில், டிராம் தண்டவாளம் முடிந்து பைன் மரங்கள் தொடங்கும் இடத்தில், ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் கொள்வனவுப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். கையுறை, கண்ணாடிக் குடுவை, திருகாணி என்று எது வேண்டுமானாலும் என் மேசைக்குத்தான் படிவம் வரும். மற்றவர்களின் படிவங்களைத் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்க வேண்டியிருக்கும். சுலோஜனாவின் படிவங்களில் நான் கேட்கக்கூடிய கேள்விக்கான பதில் ஏற்கெனவே ஓரத்தில் எழுதியிருக்கும். அப்படித்தான் பழக்கமானோம். அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கோ. படம் வேண்டாம்" என்றார். சற்று யோசித்துவிட்டு, "வயசை எழுதலாம், ஐம்பத்திமூண்டு" என்றார்.

அவர் அங்கே ஆய்வுகூடத் தொழில்நுட்பர். ஆய்வாளர்கள் யோசிப்பார்கள், அவர் செய்வார். பதின்மூன்று வயதில் தாய்மாமனோடு கிழக்கு பேர்லின் வழியாக வந்து, பள்ளிக்கூடத்தை ஜெர்மன் மொழியில் முதலிலிருந்து தொடங்கி, ஒரு சாயத் தொழிற்சாலையில் மூன்றரை வருட அவுஸ்பில்டுங் முடித்தவர். இந்தத் தொழிற்பயிற்சியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு விறைப்பு வரும். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அவர் இப்போது செய்யும் வேலை இதுதான். மரத்தை மரமாக விறைப்பாக நிறுத்திவைக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். காகித ஆலைகளில் மரத்திலிருந்து நாரை எடுத்த பிறகு மிஞ்சும் பழுப்புச் சக்கை பெரும்பாலும் அதுதான். வழக்கமாகக் கொதிகலனில் போட்டு எரித்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சக்கையைச் சரியான இடத்தில் உடைத்தால் அதிலிருந்து வனிலின் கிடைக்கும். ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் மணக்கும் அதே வனிலா மணம். எரிக்கும் குப்பையிலிருந்து வாசனைத் திரவியம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. உடைப்பதற்கு சுலோஜனாவின் ஆய்வுகூடம் பயன்படுத்துவது மீயொலி, மனிதக் காது கேட்காத உயரத்தில் இருக்கும் ஒலி. பழுப்புத் தூளைக் காரநீரில் கரைத்து, கொஞ்சம் பெரொக்சைட் விட்டு, தடியின் நுனியை அதற்குள் இறக்குவார். தடி ஒரு விநாடியில் இருபதாயிரம் தடவை அதிரும். கரைசலுக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் தோன்றி உடனே நசுங்கும். நசுங்கும் அந்த ஊசிமுனையளவு இடத்தில் சில ஆயிரம் பாகை வெப்பம் வந்துபோகும். பாத்திரத்தை வெளியே தொட்டால் குளிப்பாட்டும் நீரின் சூடுதான் இருக்கும்.

தடியின் அதிர்வு கேட்காது. குமிழ்கள் நசுங்குவது கேட்கும். சூடான எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை விழுந்து, அந்தச் சத்தம் ஒரு மணிநேரம் ஓயாமல் நீடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வருபவர்களுக்கு மஞ்சள் நிறக் காதடைப்பான்கள் கொடுப்பார். தானும் பெரிய காதுமூடி போட்டுக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒருமுறை வலது பக்கத்தை மட்டும் விரலால் தூக்கி, இரண்டு விநாடி கேட்டுவிட்டு மூடுவார். "ஆள் இண்டைக்குக் கரகரக்கிறார்" என்பார். கருவியின் திரை அதே விஷயத்தை மூன்று நிமிடம் கழித்துச் சிவப்பு எழுத்தில் சொல்லும்.

அந்த மாடி முழுக்கக் கேக் வாசனை. புதிதாக வருபவர்களுக்குப் பசிக்கும். சுலோஜனா பதினொன்று நாற்பதுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு துண்டு கறுப்புப் பாணுக்குள் மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல் வைத்துச் சாப்பிடுவார். நத்தார் காலத்தில் சக ஊழியர்கள் வீட்டில் சுட்ட வனிலாப் பிஸ்கட்டுகளைத் தட்டில் நீட்டினால், "எனக்கு ஏலாது, நான் அதுக்குள்ளதான் இருக்கிறன்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு ஒரு தோடம்பழத்தை எடுத்துக்கொள்வார்.

அவருக்குப் பிடிக்காத சொல் 'கிட்டத்தட்ட'. யாராவது கிட்டத்தட்ட ஐம்பது மில்லிலீற்றர் என்று சொன்னால், "எத்தினை கிட்ட, எத்தினை தட்ட?" என்று கேட்பார். சிரிக்கமாட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார்.

அந்த விறைப்பின் காரணத்தை ஒருநாள் மதியம் சம்பல் பாணை மடித்துவைத்தபடி அவரே சொன்னார். தொழிற்பயிற்சியின் இறுதித் தேர்வில் ஒரு பொருளைத் தயாரித்து அதன் உருகுநிலையை அளந்து எழுத வேண்டும். அவர் அளந்தபோது புத்தகத்தில் இருந்ததைவிட நான்கு பாகை குறைவாக வந்தது. பொருள் சுத்தமாக இல்லை என்று அர்த்தம். மறுபடி செய்ய நேரம் இல்லை. புத்தகத்தில் இருந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார். மிகச் சிறந்த மதிப்பெண்ணான 'ஒன்று' கிடைத்தது. அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் முதல் வேலை. "முப்பத்திரெண்டு வருசமாச்சு. சான்றிதழ் கோப்புக்குள்ள கிடக்கு. ஒவ்வொரு வேலைக்கு விண்ணப்பம் போடேக்கையும் அதின்ர பிரதியையும் சேத்து வைக்கவேணும். ஒவ்வொருக்காவும் பாக்கிறன்" என்றார். பிறகு மேசையில் விழுந்த பாண் துகள்களை உள்ளங்கையால் கூட்டி எடுத்தார்.

பாலமுருகன் மூன்று வருடங்களுக்கு முன் இந்தக் கதைக்குள் வந்தார். திண்டுக்கல்காரர், முப்பத்தாறு வயது, ஆய்வாளர். வனிலின் திட்டம் அவருடையது. வந்த முதல் நாள் சுலோஜனாவை "மேடம்" என்று அழைத்தார். "நான் இஞ்சை பள்ளிக்கூடம் நடத்தேல்ல" என்று பதில் வந்தது. அடுத்த நாள் முதல் "அக்கா". அவர் பாதி ஆங்கிலத்தில் கேட்பார். இவர் பாதி ஜெர்மனில் சொல்வார். நடுவில் தமிழ் இருக்கும். நன்றாக வேலை செய்பவர், கெட்டிக்காரர், வேகமானவர். மனைவி இந்த ஜனவரியில்தான் வந்து சேர்ந்திருந்தார். இருவருடைய விசாவும் அவருடைய ஒப்பந்தத்தில் தொங்கியது.

திட்டத்துக்கு மூன்று வருட ஆயுள். வட ஜெர்மனியிலிருந்து ஒரு நறுமணக் கம்பனி பங்காளியாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்திருந்தது ஒரே ஒரு வாக்கியம்: வினையூக்கி எதுவும் இல்லாமல், வெறும் ஒலியால். வினையை விரைவாக்க வினையூக்கி என்று ஓர் உலோகத்தைப் போட்டால் கடைசியில் அதை முழுவதுமாக நீக்கியாக வேண்டும், உணவில் சேரும் பொருளல்லவா. வெறும் ஒலியென்றால் அந்தத் தொல்லை இல்லை. முதல் இலையுதிர்காலத்தில் நூறு கிராம் தூளிலிருந்து மூன்று கிராம் வனிலின் வந்தது. பாலமுருகன் வெப்பத்தை மாற்றினார், நேரத்தை மாற்றினார், பெரொக்சைட்டின் அளவை மாற்றினார். ஐந்து ஆனது. ஆறரை ஆனது. இந்த மார்ச்சில் எட்டைத் தொட்டது. ஆராய்ச்சித் தலைவர் பேராசிரியர் வீகாண்ட் சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஆய்வுகூடத்துக்கு வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். கட்டுரை எழுதப்பட்டு ஓர் அறிவியல் இதழுக்குப் போனது. ஜூன் நடுவில் மதிப்பாய்வுக் கூட்டம். அதில் கம்பனி தலையசைத்தால் இன்னும் மூன்று வருடம். சுலோஜனாவின் வேலையும் அதே திட்டத்தில்தான். ஒப்பந்தத் தவணை செப்டம்பர் முப்பதோடு முடிவதாக இருந்தது.

ஏப்ரலில் தடியின் நுனி அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது. நசுங்கும் குமிழ்கள் உலோகத்தையும் கொத்தி எடுக்கும். தழும்பு விழுந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. சுலோஜனா படிவம் போட்டார், நான் வாங்கிக் கொடுத்தேன், புதுத் தடி வந்தது. அதை மாட்டிய நாள் முதல் எட்டு கிராம் இரண்டரை ஆனது.

மூன்று வாரம் அந்த ஆய்வுகூடத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தூள் கெட்டுவிட்டதா என்று புதுத் தூள் வாங்கினார்கள். பெரொக்சைட் பழசா என்று புதுப் போத்தல் திறந்தார்கள். புதுத் தடி குறைபாடுள்ளது என்று தயாரிப்பாளருக்கு என் பெயரில் ஒரு முறைப்பாடும் போயிற்று. கடைசியில் பாலமுருகன், மிகவும் மரியாதையாக, அக்கா நிறுப்பதில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார். சுலோஜனா தராசின் அளவுத்திருத்தச் சான்றிதழை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, அன்று முழுவதும் அவருடன் எண்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அன்று மாலை அவர் இரண்டு வருட வெள்ளிக்கிழமைகளை ஒரு தாளில் இறக்கினார். தடி வாரா வாரம் எவ்வளவு மெலிந்தது என்று ஒரு கோடு. அதே வாரம் எவ்வளவு வனிலின் வந்தது என்று இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் சேர்ந்தே ஏறியிருந்தன. பாலமுருகன் வெப்பத்தை மாற்றியதற்கும் நேரத்தை மாற்றியதற்கும் அந்தக் கோடுகளில் எந்த அடையாளமும் இல்லை.

அந்தத் தடி சுத்த டைட்டானியம் அல்ல. அதில் நூற்றுக்கு நான்கு பங்கு வனேடியம் என்ற உலோகம் கலந்திருக்கிறது. வனேடியம் இந்த மாதிரி வேலைக்குத் தேர்ந்த வினையூக்கி. தேய்ந்த தடி வாரா வாரம் அதைக் கரைசலுக்குள் உதிர்த்துக்கொண்டிருந்தது. தழும்பு கூடக் கூட உதிர்வும் கூடியது, வனிலினும் கூடியது.

ஊகம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மூன்று சோதனை செய்தார். பழைய தடியின் காலத்தில் பாத்திரத்தின் அடியில் படிந்த சாம்பல் தூளை வடிகட்டித் திகதியிட்டு ஒரு சிறு குப்பியில் வைத்திருந்தார். ஏன் வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்டேன். "என்னெண்டு தெரியாத சாமானை எறிய ஏலாதுதானே" என்றார். அந்தச் சாம்பல் தூளில் ஒரு சிட்டிகையைக் கரைசலில் போட்டுப் புதுத் தடியை ஓட்டினார்: ஏழு புள்ளி எட்டு. சாம்பல் தூள் இல்லாமல்: இரண்டரை. பிறகு உலோகம் கரைசலைத் தொடாதபடி, கண்ணாடிக் குடுவையை மீயொலித் தொட்டிக்குள் வைத்து ஓட்டினார்: இரண்டு. மூன்றாம் மாடியில் உலோகப் பகுப்பாய்வு செய்பவரிடம் மார்ச் மாத வனிலினைக் கொடுத்தார். வனேடியம் இருக்கிறது என்று அவர் ஒரு வரியில் எழுதி அனுப்பினார்.

கூட்டம் வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சுலோஜனா அந்தத் தாள்களைப் பாலமுருகனிடம் கொடுத்தார். அவர் நின்றபடியே வாசித்தார். இரண்டாவது தடவை வாசிக்கும்போது அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். தவறு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை சுலோஜனா எப்போதும் குறிப்பிடுவார். பிறகு பாலமுருகன் மிகவும் மெதுவாக ஒன்று கேட்டார்.

"ரிவ்யூ முடிஞ்சப்புறம் இதப் பேசிக்கலாமா, அக்கா?"

"நீங்கள் சொன்னியள் எண்டால் அது கண்டுபிடிப்பு, தம்பி. நான் சொன்னால் அது முறைப்பாடு. அதுதான் உங்களிட்டத் தாறன்."

அவர் யோசிக்கிறேன் என்றார். தன் மனைவி இப்போதுதான் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்றும் சொன்னார். சுலோஜனா தன்னுடைய செப்டம்பர் முப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. அது பாலமுருகனுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சுலோஜனா பேராசிரியரைச் சந்திக்க அவருடைய செயலரிடம் டெர்மின் கேட்டார். விஷயம் என்ன என்று கேட்டார்கள். தடி என்றார். அடுத்த மாதம் ஆறாம் திகதி கொடுத்தார்கள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நான் இருக்கவில்லை. இருந்தவர்களில் மூவர் தனித்தனியே சொன்னது ஒன்றாகவே இருந்ததால் நம்பி எழுதுகிறேன். ஒன்பது பேர். பாலமுருகன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினார். வினையூக்கி இல்லாமல் என்ற வரி திரையில் வந்தபோது அதை வாசிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனார். எட்டு கிராம் என்ற எண்ணைச் சொன்னார். புதுத் தடியைப் பற்றிச் சொல்லவில்லை. 'நன்றி' என்று எழுதிய பக்கத்தில் நிறுத்தினார். கைதட்டினார்கள்.

சுலோஜனாவுக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த வேலை ஒன்றுதான். கடைசியில் மாதிரிக் குப்பிகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்து மேசையில் வைத்தார். கம்பனியின் சார்பில் வந்திருந்தவர் ஹோல்ட்காம்ப் என்ற பெண்மணி; முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பதே அவருடைய தொழில். மார்ச் மாதக் குப்பியைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். அருமை என்றார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கீற்றை எடுத்து, குப்பிக்குள் தோய்த்து, வாயை நோக்கிக் கொண்டுபோனார்.

"வேண்டாம்" என்றார் சுலோஜனா, ஜெர்மனில். "அதற்குள் உலோகம் இருக்கிறது."

கீற்று வாய்க்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. ஹோல்ட்காம்ப் அதைத் தாழ்த்தி, என்ன உலோகம் என்று சாதாரணமாகக் கேட்டார். வனேடியம், தடியிலிருந்து வருகிறது, என்றார் சுலோஜனா. எவ்வளவு என்று கேட்டார். சுலோஜனா எண்ணைச் சொன்னார். பேராசிரியர் வீகாண்ட் பாலமுருகனைப் பார்த்தார். பாலமுருகன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே இன்னும் 'நன்றி' என்றுதான் இருந்தது.

பிறகு அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். நன்றிக்குப் பின்னால் இன்னொரு பக்கம் இருந்தது. சுலோஜனாவின் இரண்டு கோடுகளும் மூன்று சோதனைகளும் அதில் வண்ணத்தில் சுத்தமாக வரையப்பட்டிருந்தன. கீழே மூலையில் தரவு யாருடையது என்று அவர் பெயரும் இருந்தது. முந்திய நாள் மாலை செய்திருக்கிறார். செய்துவிட்டு, யாராவது கேட்டால் காட்டலாம் என்று கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறார். "அவர் சொல்வது சரி. நான் இதை முன்பே காட்டியிருக்க வேண்டும்" என்றார். குரல் தெளிவாக இருந்ததாம். காதுகள் மட்டும் சிவந்திருந்தன என்று மூவரில் ஒருவர் சொன்னார்.

சுலோஜனா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆய்வுகூடத்தில் குழாயைத் திறந்து, குளிர்ந்த தண்ணீருக்கடியில் இரண்டு மணிக்கட்டுகளையும் நீட்டிப் பிடித்தபடி நின்றார். அந்தப் பக்கமாக நான் போனதால் பார்த்தேன். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "இந்தக் கையோட இண்டைக்கு ஒண்டும் நிறுக்க ஏலாது" என்றார். வேலைநாளில் அவர் நிறுக்காமல் போனதை அன்றுதான் கண்டேன்.

பிற்பகலில் பேராசிரியர் அவரைக் கூப்பிட்டு, ஏன் முதலில் தன்னிடம் வரவில்லை என்று கேட்டார். ஆறாம் திகதி வருவதாக இருந்தேன் என்று சுலோஜனா சொன்னார். பேராசிரியர் தன் நாட்காட்டியைத் திறந்து பார்த்தார். அதில் 'தடி' என்று இருந்தது. மூடிவிட்டார்.

விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை செய்யும் கணவர் புவனேந்திரன் அன்று வீட்டில் கதையைக் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே என்றாராம். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஐம்பத்துமூன்று வயதில் வேலை தேடுவது எப்படி என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் தேடியவர். "ஒரு துளியில அந்த மனிசி செத்துப்போகமாட்டா. அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனால் தெரியாமல் நாக்கில வைக்கப் போறா. அதைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாமல் போச்சு" என்று சுலோஜனா என்னிடம் சொன்னார். கணவரிடமும் இதையே சொல்லியிருக்கிறார். கணவர் சோற்றைப் போட்டுக் கொடுத்தார்.

கம்பனி ஜூலை முதல் வாரம் கடிதம் அனுப்பியது. நேர்மைக்கு நன்றி, இரண்டாம் கட்டத்தில் பங்குபெற இயலாது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. பாலமுருகன் அறிவியல் இதழுக்கு எழுதி, ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். நான்கு வரி எழுத ஒரு காலை முழுவதும் ஆனது. சுலோஜனா நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார். ஒரு பாற்பண்ணை ஆய்வுகூடம் நேர்காணலுக்கு அழைத்தது. தயிரில் அமிலம் அளக்கும் வேலை. போனார். பாலைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னார். உங்கள் குறை என்ன என்று கேட்டார்கள். "நேரகாலம் பார்த்துப் பேசத் தெரியாது என்று சொல்கிறார்கள்" என்று பதில் சொல்லியிருக்கிறார். வேலை கிடைக்கவில்லை.

அந்த வாரங்களில் அவரும் பாலமுருகனும் பேசிக்கொண்டது மிகவும் குறைவு. கோபம் என்று சொல்ல முடியாது. ஒரே மேசையில் வேலை செய்தார்கள், ஒருவருக்கு வேண்டிய குடுவையை மற்றவர் எடுத்துக் கொடுத்தார்கள். "அக்கா சொன்னதுல தப்பே இல்ல. நான்தான் அந்த ஸ்லைட அங்க கொண்டுபோய் வெச்சேன்" என்று பாலமுருகன் ஒருமுறை மின்தூக்கியில் என்னிடம் சொன்னார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் அவர் ஆய்வுகூடத்துக்குள் வந்து, அந்த வனேடியத்தைத் தடியிலிருந்து தவறுதலாக வாங்காமல் வேண்டுமென்றே வாங்கினால் என்ன என்று கேட்டார். பீங்கான் மணிகளில் அதைப் பிடித்துவைத்தால் கரைசலுக்குள் உதிராது, வேலை முடிந்ததும் மணிகளை அள்ளி எடுத்துவிடலாம். "உதிருதோ இல்லையோ எண்டு ஆர் பாக்கிறது?" என்று கேட்டார் சுலோஜனா. நீங்கள்தான் என்றார் அவர். அன்றே தொடங்கினார்கள். மணிகள் முதல் மூன்று தடவை உதிர்ந்தன. நான்காவது வகை உதிரவில்லை. ஆறு கிராம் வந்தது. ஒலி இல்லாமல் மணிகள் மட்டும் என்றால் மூன்றுகூட வரவில்லை. ஆக ஒலிக்கும் அதில் உண்மையாகவே பங்கு இருந்தது. இதைக் கண்ட அன்று பாலமுருகன் வெளியே போய்ப் பைன் மரங்களுக்கடியில் கொஞ்ச நேரம் தனியாக நடந்துவிட்டு வந்தார்.

அந்த ஆறு கிராமை வைத்து பேராசிரியர் ஒரு சிறிய அரசு நிதிக்கு விண்ணப்பித்தார். மூன்று வருடம் கேட்டு ஒரு வருடம் கிடைத்தது. செப்டம்பர் இருபத்தாறாம் திகதி சுலோஜனாவின் தவணை ஒரு வருடத்துக்கு நீண்டது. பழைய திட்டத்தில் மிஞ்சிய பணத்தையும் சேர்த்து பாலமுருகனுக்குப் பதினான்கு மாதம். அதற்குப் பிறகு என்ன என்று இருவருக்கும் தெரியாது. கட்டுரை வேறு தலைப்பில் மறுபடி எழுதப்பட்டது. தேயும் தடி எப்படி எல்லோரையும் ஏமாற்றும் என்பதே அதன் முதற்பாதி. பிரதியை முன்கூட்டியே படித்த, மீயொலியில் வேலை செய்யும் வேறு இரண்டு குழுக்கள் தங்கள் பழைய எண்களை மறுபடி பார்க்கத் தொடங்கியிருப்பதாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். கட்டுரையை எழுதியவர்களாக மூன்று பெயர்: பாலமுருகன், சுலோஜனா, வீகாண்ட். தொழில்நுட்பரின் பெயர் நடுவில் வருவது அந்த நிறுவனத்தில் வழக்கம் இல்லை. அப்படி எழுதியது பாலமுருகன். பேராசிரியர் மாற்றவில்லை.

சென்ற வாரம் அந்தக் கட்டுரையின் அச்சுப்படி வந்தது. எழுதியவர்கள் எல்லோரும் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். பாலமுருகன் அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு வந்தபோது நான் ஒரு படிவத்தோடு அங்கே இருந்தேன். முதல் பக்கத்தில் சுலோஜனாவின் பெயர் இருக்கும் இடத்தை விரலால் காட்டினார். சுலோஜனா தலையசைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். நாங்கள் நின்றோம். ஆறாம் பக்கத்து அட்டவணையில் அடிமட்டம் நின்றது. மூன்றாவது வகை மணிகளிலிருந்து உதிர்ந்த உலோகத்தின் அளவு: சைபர் தசம் நான்கு என்று அச்சாகியிருந்தது. அவர் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். அதில் நான்குக்குப் பிறகு ஒரு சைபர் இருந்தது; அந்த இடம்வரை அளந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"ரெண்டும் ஒண்ணுதானே, அக்கா" என்றார் பாலமுருகன்.

சுலோஜனா சிவப்புப் பேனையை எடுத்து, நான்குக்குப் பக்கத்தில், அச்செழுத்தின் அதே உயரத்துக்கு ஒரு சைபரைப் போட்டார். மை காயும்வரை தாளைக் கையால் தொடாமல் காத்திருந்தார். பிறகு அடிமட்டத்தை அடுத்த வரிக்கு இறக்கினார்.